யப்பானிலும் எங்கடை ஆள்

கணவனும் மனைவியும் தனியாகப் போகவென்று திட்டமிட்ட பயணத்துக்குள் ஒரு குடும்பத்தையே இழுத்துவிட்ட மடையன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் வெட்கம்.

இத்தாலியின் பலேர்மோவில் எங்கள் இருவருக்கும் வீட்டுவேலை. என் மனைவி பகலெல்லாம் சிஞ்ஞோரா என்று கூப்பிடும் ஓர் இத்தாலிய அம்மாவுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, அல்பெர்கேரியாச் சந்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து எனக்கும் சமைப்பாள். விடுமுறை என்றால் பாரிஸில் அவள் தமக்கை வீடு, இல்லையேல் லண்டனில் என் சித்தப்பா வீடு. நான் ஹோலில் பாய் விரித்துக் கதையளப்பேன்; அவள் அந்த வீட்டுக் குசினிக்குள் சமைக்கப் போய்விடுவாள். இந்த முறைதான் அவளாக ஒன்று கேட்டாள். யப்பானில் குராஷிகி என்ற சின்ன நகரம். கரையெல்லாம் மரம் சாய்ந்த வாய்க்கால், மெல்லப் போகும் ஓடம். “அதிலை ரெண்டு பேரும் ஒரு கிழமை, ஏழு நாளும் சும்மா இருப்பம். ஒருத்தருக்கும் ஒண்டும் காய்ச்சக் கூடாது,” என்றாள். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும், மிச்சமெல்லாம் நடையும் தேநீரும் என்று கட்டிலில் சாய்ந்தபடி திட்டம் போட்டோம். வாய்க்கால் கரை விடுதியில் அறையும் எடுத்தாயிற்று.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத ஊரில் போய் இறங்குவதா? காய்ச்சல், வருத்தம் என்று வந்தால் யார் பார்ப்பது? சித்தப்பாவிடம் விசாரித்தேன். என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் அந்த நகரத்திலேயே குடும்பத்தோடு இருக்கிறானாம்! வருகிறோம் என்று உடனே அவனிடம் சொல்லிவிட்டேன். மனைவியிடம் மூச்சு விடவில்லை. அங்கே இறங்கியதும் ஆச்சரியப்படட்டும் என்ற நினைப்பு. அவளை அதிரவைக்க அவ்வளவு தூரம் போகத் தேவையிருக்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, தம்பியின் மனைவி நேரே அவளுக்கே போன் எடுத்தாள். “அக்கா, இவர் லீவு போட்டிட்டார். எங்கடை அறையை உங்களுக்கு விட்டிட்டம். வரேக்கை மிளகாய்த்தூள் இடிச்சுக்கொண்டு வாங்கோ. பிள்ளையின்ரை பிறந்தநாளுக்கு உங்கடை கையாலைதான் சமையல்!”

“ஓம் பிள்ளை, ஓம்,” என்று போனை வைத்தாள். இனிச் சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். அவளோ கதிரையில் உட்கார்ந்து சுவரையே பார்த்தாள்; முகத்தில் இரத்தம் இல்லை. அவளுடைய கோபங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம், ஆனால் அந்த முகத்தை நான் அதுவரை கண்டதேயில்லை. அடுப்பில்லாத அந்த ஒரு கிழமையையும் அவளிடமிருந்து பிடுங்கி யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

“வரேல்லை எண்டு சொல்லிவிடட்டோ?” என்றேன்.

“அதுகள் ஆசையா லீவு எடுத்திருக்குதுகள். மனம் நோகப் பண்ணேலாது,” என்றவள் போனை எடுத்து ஏதோ தட்டினாள். எட்டிப் பார்த்தேன். விடுதி அறையை ஒருவருக்கு மட்டும் என்று மாற்றிக்கொண்டிருந்தாள்.

“அப்ப நான்?”

“நீங்கள் அவையின்ரை வீட்டை போய்ச் சமையுங்கோ.”