பெரிய கிராணியின் தங்கமீன்கள்

பங்களாவின் பின்கட்டில், கிணற்றுக்குப் பக்கத்தில், வாய் அகன்ற மண்ஜாடி ஒன்று இருந்தது. புதிதாக வரும் தங்கமீன்களைப் பெரிய கிராணி முதலில் அதில்தான் விடுவார். நோய் இருந்தால் பரவிவிடும் என்று முன்கூடத்துக் கண்ணாடித் தொட்டிக்கு நேராகக் கொண்டுபோக மாட்டார். ஜாடி விளிம்பில் கைகளை ஊன்றிக் குனிந்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் குனிந்த முதுகை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

யுத்தத்தில் ஜப்பான் படை வந்ததும், காஜா பேராங் பகுதியில் இருந்த அந்த வீட்டை விட்டு ஒரு சீன வியாபாரி குடும்பத்தோடு ஓடிப்போன பிறகு, ஜப்பானிய அதிகாரி ஒருவன் அதில் குடியேறியிருந்தான். நான் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்தை ராணுவம் எடுத்துக்கொண்டது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேறு வழியில்லாமல் அங்கே சமைக்கப் போனேன். பெரிய கிராணி முன்பு ரப்பர் தோட்டமொன்றில் தலைமைக் கணக்கராக இருந்து வெள்ளைக்காரத் துரைக்குக் குடை பிடித்தவர். துரை கப்பலேறியதும் குடையை அப்படியே ஜப்பான்காரன் பக்கம் சாய்த்துக்கொண்டார். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக் கொடுப்பது அவருடைய வேலை. அதிகாரிக்குத் தங்கமீன் என்றால் உயிர். கிராணிக்கு மீன் வளர்க்கத் தெரியும். அந்த ஒரு தகுதியால் வீட்டுக்குள் வரை வரலானார்.

மீன் விஷயத்தில் அவர் கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. செதிலில் ரவை ஒட்டியதுபோல் ஒரு வெண்புள்ளி இருந்தாலும் கண்டுவிடுவார். துடுப்பை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு மூலையில் கிடப்பது, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது, ஜாடிச் சுவரில் உடம்பை உரசுவது, போட்ட தீனியை வாயில் வாங்கித் துப்புவது, எதுவும் தப்பாது. "பயந்துபோன மீனு வேற, நோவு புடிச்ச மீனு வேற டீச்சர். பயந்தது ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும்," என்று என்னிடம் பெருமையாகச் சொல்வார். ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று கால் வீங்கிக் கிடந்தபோது, அவித்த முட்டையின் மஞ்சள் கருவை மீனுக்கு உதிர்த்துப் போட்டார்.

பங்களாவுக்குத் தண்ணீர் இறைத்தவள் ஒரு அக்கா. தொட்டித் தண்ணீரை மாற்றுவதும் அவள்தான். அவள் புருஷன் மாட்டுவண்டி ஓட்டியவர். மலேரியா அவரை உருக்கிவிட்டிருந்தது. அவரையும் சயாமுக்கு எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், நடுங்கிக்கொண்டிருந்த மனிதரைத் தோளில் தாங்கிக் கிணற்றடிக்கே அழைத்து வந்தாள். கிராணி அப்போது ஜாடியில் இருந்த ஒரு வெண்புள்ளி மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் காப்பாற்ற உப்புத் தண்ணீர் கலக்கச் சொல்லியிருந்தார்.

"ஐயா, இவர ஒரு தடவ பாருங்கய்யா. நிக்கவே முடியல."

கிராணி நிமிரவில்லை. "நடந்துதான வந்தான்? போவலாம்."

"மீனப் பாக்குற மாதிரி ஒரு தடவ பாருங்கய்யா."

"மீனு செத்தா நான் பதில் சொல்லணும். ஒன் புருசன் செத்தா என்னெ யாரு கேக்கப் போறா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கணக்குப் பாடம் விளக்குகிறவர்போலச் சொன்னார்.

இரண்டொரு நாளில் லாரி வந்து அக்காவின் புருஷனையும் ஏற்றிக்கொண்டது. ஆட்களைத் தம்பின் ஸ்டேஷனில் ரயிலேற்றி எல்லை வரை கொண்டுபோய்விடக் கிராணியும் கூடவே போனார். மறுநாள் காலையில் அக்கா வாளியை ஜாடிக்குள் விட்டு, அந்த வெண்புள்ளி மீனைத் தண்ணீரோடு மொண்டு, முன்கூடத்துக்குத் தூக்கிப்போய்க் கண்ணாடித் தொட்டியில் ஊற்றினாள். சமையற்கட்டு வாசலிலிருந்து பார்த்தேன். திரும்பி வரும்போது என்னைத் தாண்டுகையில், "நோயாளியெல்லாம் கூட்டத்தோட போவலாமுன்னு ஐயாதான சொன்னாரு டீச்சர்," என்றாள். நான் அடுப்பை ஊதினேன்.

பத்து நாள் கழித்துக் கிராணி திரும்புவதற்குள் தொட்டி முழுக்க ரவை தூவியதுபோல் ஆகிவிட்டது. ஒவ்வொன்றாக மல்லாந்து மிதந்தன. அவர் காலி ஜாடியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். புரிந்துகொண்டார். ஆனால் வாயைத் திறந்தால், நோய் பிடித்த மீனை வீட்டுக்குள் கொண்டுவந்ததே தான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தட்பவெப்பம் சரியில்லை என்று உளறினார். அதிகாரி அவரை வாசலில் நிற்கவைத்துக் கன்னத்தில் மாறி மாறி அறைந்து, தலைக்குமேல் கல்லைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி வெயிலில் முழங்காலிடவைத்தான். கிராணி அழுதார். வலிக்காக மட்டும் அழுததாக நான் நினைக்கவில்லை. இனி எஜமான் தன்னை உள்ளே விடமாட்டானே என்ற ஏக்கம் அந்த அழுகையில் இருந்தது.

வண்டிக்காரர் திரும்பவில்லை. ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் வந்தான், கிராணிக்கு மறுபடியும் குடை கிடைத்தது. கோயில் கமிட்டியில் தலைவரானார். பல ஆண்டுகள் கழித்து, புக்கிட் பாருவில் ஒரு மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். மாலையும் கழுத்துமாக எழுந்து, தொழிலாளிகளுக்காகப் பரிந்து பேசியதால் ஜப்பான்காரனிடம் அடிவாங்கியதாகச் சொன்னார். முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பெண்கள் பக்கத்தில் என்னருகே இருந்த அக்கா எழுந்து நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஐயா, நீங்க அனுப்புனவங்கள்ல யாருய்யா திரும்பி வந்தா?"

கிராணி மாலையைச் சரிசெய்துகொண்டார். "அதெல்லாம் அந்தக் காலம்மா," என்றார் கனிவாக. யாரோ கைதட்டத் தொடங்க, எல்லாரும் தட்டினார்கள். அக்கா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். பந்தி போடப்போகிறார்கள் என்று ஒருவர் வாசலில் மறித்தார். அவரை விலக்கிவிட்டு நானும் அவள் பின்னால் போனேன்.