அவரைச் சாகடித்த கதை

பத்தாவதோடு நின்றவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். எழுதத் துணிந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்குச் சங்ககிரி. மகள் நாமக்கல் பக்கம் ஒரு பள்ளியில், விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது படித்தாள். பொதுத்தேர்வுக்கு முன்னால் பெற்றோருக்கு ஒரு படிவம் வந்தது. பிள்ளைக்குத் தெரியாமல் நீங்கள் பட்ட ஒரு கஷ்டத்தை எழுதுங்கள், ரகசியமாக வைத்துக்கொள்வோம் என்று போட்டிருந்தது. லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர், தார்ப்பாய் கட்டும்போது விழுந்து இடுப்பு உடைந்து நாலு மாதம் படுத்திருந்தார். அது மகளுக்குத் தெரியும். படுக்கையிலேயே வெளிக்குப் போனதும், நான் அள்ளியதும், அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுததும் தெரியாது. அதை எழுதிக் கொடுத்தேன்.

பெற்றோரையும் கூப்பிட்டுப் பள்ளியில் வைத்த கூட்டத்தன்று பிள்ளைகள் தரையில், நாங்கள் பின்னால் நாற்காலியில். பேச வந்தவர், பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லக் கதையைவிட நல்ல வழி இல்லை என்றார். விளக்கை அணைத்துச் சோக இசை போட்டார்கள். அவர் சொன்ன கதையில் சங்ககிரி, லாரி, இடுப்பு, நான் எழுதிக் கொடுத்தது எல்லாம் வந்தது. நாற்றத்தைக்கூட மூக்கைப் பிடித்துக் காட்டினார். பேர் சொல்லவில்லை. அந்த வகுப்பில் சங்ககிரிப் பெண் அவள் ஒருத்திதான். கதையின் கடைசியில் அந்த அப்பா, மகளின் மார்க்கைப் பார்க்காமலே செத்துப்போனார்.

பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் குனிந்து, "நான் எப்பப் புள்ள செத்தேன்?" என்றார்.

"சும்மா இருங்க" என்றேன். நான் அழுதுகொண்டிருந்தேன். உயிரோடு பக்கத்தில் இருக்கிற ஆளுக்காக அழுதிருக்கிறேன்.

பெற்றோர் காலில் போய் விழுங்கள் என்றார் பேச்சாளர். மகள் வந்தாள், விழவில்லை.

"அப்பன் இருக்கறேன் சாமி, பாரு" என்றார் இவர்.

அவள் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. "ஏம்மா எழுதிக் குடுத்த? இனி அப்பாவப் பாத்தா எல்லாரும் மூக்கப் புடிப்பாளுங்க" என்றாள்.

வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த பேச்சாளர், இவர் நொண்டி வருவதைப் பார்த்துச் சிரித்தார். "உங்க கதைதாங்களா? நல்லா எடுபடுதுங்க. இன்னும் நாலு பள்ளிக்கூடத்துல சொல்லணும்."

"அங்கயாவது என்னைப் பொழைக்க வைங்க" என்றார் இவர்.

மறுநாள் பஸ் ஏறிப் போய்ப் படிவத்தைத் திருப்பிக் கேட்டேன். பேச வந்தவர் கையோடு எடுத்துப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.