செவ்வாய்க்கிரக வண்டி ஓட்டிய ஞாயிற்றுக்கிழமை

1. சென்டர் காலியான கதை

புது கேமை எல்லா சிஸ்டத்திலும் ஏற்றி முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்டரைத் திறந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் ஆள் ஒருவர்கூட இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். சிவகாசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் எனக்கு வேலை. முன்பக்கம் இன்டர்நெட், பின்பக்கம் கேம். பின்பக்கத்து சிஸ்டங்களை லேன் போட்டு இணைத்திருந்ததால் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் சுட்டு ஆடலாம். அந்தப் பக்கத்தைக் கவனிப்பதற்காகவே, டிப்ளமோ முடித்த கையோடு மல்லாங்கிணற்றிலிருந்து என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஞாயிறு வந்தால் பட்டாசுக் கம்பெனிகளுக்கு லீவு. அச்சங்குளம், ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து இளவட்டங்கள் பஸ் பிடித்து வந்துவிடுவார்கள்.

அவர்கள் விழுந்து விழுந்து ஆடியது, செவ்வாய்க்கிரகத்தில் நடக்கும் ஒரு சண்டை கேம். முதல் பாகத்தில் விஷயம் எளிது. ஓட வேண்டும், ஒளிய வேண்டும், சுட வேண்டும். அதிகம் பேரைச் சுட்டவர் ஜெயித்தார். அதில் கருப்பசாமிதான் ராஜா. அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தான். அவன் வந்து உட்கார்ந்தால் எதிர் வரிசையில் பேச்சு நின்றுவிடும்.

இரண்டாம் பாகத்தில் மேப் பல மடங்கு பெரிது. வண்டி எடுக்காமல் எங்கும் போய்ச் சேர முடியாது. கருப்பசாமி பழைய வழக்கப்படி நடந்தே போனான், வழியிலேயே செத்தான். மறுபடி போனான், மறுபடி செத்தான். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

"என்னக்கா இது? சுட வந்தோமா, லாரி ஓட்ட வந்தோமா? பழசையே போடுங்க."

மற்றவர்களும் அவன் பின்னாலேயே போய்விட்டார்கள்.

ஓனர் தங்கராஜ் அண்ணாச்சி இந்த கேமுக்காகவே புது கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டவர். காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

"ஏம்மா ராஜி, காலண்டர் சீசன் வருது. இங்கன டிடிபி போட்டா ஆர்டர் குமிஞ்சுரும். கேமைத் தூக்கிருவோமா?"

அச்சுக்கு டைப் செய்து பக்கம் வடிவமைக்கும் அந்த டிடிபி வேலைக்கு அவரிடம் ஏற்கெனவே ஆள் இருந்தது. கேம் போனால் நானும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

நான் பதில் சொல்லுமுன் போன் அடித்தது. விருதுநகரில் கேம் சென்டர் நடத்தும் பிரபு. அவர் பேசிய சத்தத்தில் ரிசீவருக்கு வெளியேயும் எனக்குக் கேட்டது.

"அண்ணாச்சி, நாங்க புதுசுல பின்னிக்கிட்டு இருக்கோம். உங்க ஆளுக இன்னும் பழசத்தான் உருட்டுறாகளாமே? இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை டீமோட வாங்க, ஆடிப் பாத்துருவோம்."

"வாறோம்" என்று சொல்லிப் போனை வைத்தார் அண்ணாச்சி. வைத்த பிறகுதான் யோசித்தார் போலிருக்கிறது. என்னைப் பார்த்தார்.

"வாய விட்டுட்டேன். ஜெயிச்சா கேம் இருக்கட்டும். தோத்தா டிடிபி. என்ன சொல்றே?"

"ஆடுவோம் அண்ணாச்சி" என்றேன். ஆட ஆளே இல்லாத சென்டரில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னேன்.

2. அப்படி என்னதான் புதுசு?

அதுவரை நான் கேமை இன்ஸ்டால் செய்வேன், ஹேங் ஆனால் சரிசெய்வேன். ஆடியது கிடையாது. மறுநாள் காலையிலிருந்து, கூட்டம் வராத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து ஆடத் தொடங்கினேன். என் அணியிலும் எதிரணியிலும் கம்ப்யூட்டரே இயக்கும் ஆட்கள். முதலில் சுவரில் போய் முட்டினேன். அப்புறம் பள்ளத்தில் விழுந்தேன். தோற்றுத் தோற்றுத்தான் கேம் பிடிபட்டது.

இதில் ஆளைச் சுட்டு மட்டும் ஜெயிக்க முடியாது. வழி நெடுகக் கோபுரங்கள் இருக்கின்றன. அவற்றை வரிசையாகப் பிடித்துக்கொண்டே போய், கடைசியில் எதிரியின் தளத்திலுள்ள மின் உலையை உடைக்க வேண்டும். இடையில் ஒரு கோபுரம் விட்டுப்போனாலும் உலையில் கீறல்கூட விழாது. வண்டியில் இரண்டு பேர் ஏறலாம். ஓட்டுபவருக்கு முன்னால் ஒரு பீரங்கி. கோபுரத்தை அடித்துப் பிடிக்கவும் உலையை உடைக்கவும் அதுதான். மேலே நிற்பவருக்கு ஒரு துப்பாக்கி. ஆட்களைச் சுட அது.

இவ்வளவும் எல்லாரும் பார்த்ததுதான். ஒரு தடவை என் வண்டி தீப்பிடித்து எரிந்தபோது, என் பக்கத்துக் கம்ப்யூட்டர் ஆட்கள் இரண்டு பேர் ஓடிவந்து வண்டியின் பின்னால் நின்று ஒரு நீலக் கதிரை அடித்தார்கள். தீ அணைந்தது. எதிரி சுடச்சுட வண்டி சரியாகிக்கொண்டே வந்தது. அந்தக் கதிர்க்கருவி எல்லார் கையிலும் இருந்தது. ஆளைக் கொல்லாது என்பதால் எங்கள் சென்டரில் ஒருவரும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. நான் மௌஸை விட்டுவிட்டுக் கைதட்டினேன். முன்பக்கத்தில் மெயில் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

3. கருப்பசாமி வண்டி ஏறினான்

ஒரு சாயங்காலம் பழைய கேம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கருப்பசாமி வந்தான்.

"போடுறேன். அதுக்கு முன்னால இதுல ஒரே ஒரு ஆட்டம். நான் ஓட்டுறேன், நீ மேல நின்னு சுடு."

"நீங்க ஓட்டுவீகளாக்கா?"

"ஏறிப் பாரு."

ஓடுகிற வண்டியில் நின்றபடியே, வானத்தில் பறந்துவந்த எதிரியை அவன் ஒரே குண்டில் வீழ்த்தினான். எனக்கே மெய்சிலிர்த்தது. அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றே ஆடினான். "ஏலே, இங்கன வாங்கலே! அக்கா ஓட்டுறதப் பாருங்கலே!" என்று வாசல்வரை கேட்கக் கத்தினான். அச்சாபீஸில் வேலைபார்த்த சேகரும் மாரியும் அப்போதுதான் உள்ளே நுழைந்தார்கள். அன்றைக்கே டீம் சேர்ந்துவிட்டது.

ஒன்றுக்கு மட்டும் யாரும் மசியவில்லை. ரிப்பேர் கதிர்.

"சுடாம வண்டிக்குப் பின்னால நின்னா எவன்க்கா மதிப்பான்?" என்றான் கருப்பசாமி. அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

4. விருதுநகர்

பிரபுவின் சென்டரில் நிற்க இடமில்லாத கூட்டம். அங்கே நான் ஒருத்திதான் பெண்.

"அக்கா ஸ்கோர் போட வந்திருக்காகளா?" என்று கேட்டார் பிரபு.

"வண்டி ஓட்ட வந்திருக்கு" என்றார் அண்ணாச்சி. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது.

மூன்று சுற்று. முதல் சுற்றில் எங்கள் வண்டியைப் பாதி வழியிலேயே எரித்துவிட்டார்கள். கண்மூடித் திறப்பதற்குள் தோற்றோம். அண்ணாச்சி கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் சேகரையும் மாரியையும் பார்த்தேன். "சுடுறத விடுங்க. வண்டிக்குப் பின்னாலயே வாங்க. தீப்பிடிச்சா நீலத்த அடிங்க, போதும்." தோற்ற சூடு, மறுபேச்சு இல்லை. இரண்டாவது சுற்றில் அவர்கள் வண்டிகள் எரிந்தன, எங்கள் வண்டி எரியவில்லை. அவர்கள் என்ன நடக்கிறதென்று சுதாரிப்பதற்குள் உலை வெடித்தது.

மூன்றாவது சுற்றில் பிரபு விழித்துக்கொண்டார். அவர் ஆட்கள் எங்கள் வண்டியைச் சுடாமல், அதன் பின்னால் வந்த சேகரையும் மாரியையும் முதலில் சுட்டார்கள். செத்தவர்கள் எங்கள் தளத்தில்தான் மறுபடி பிறக்க வேண்டும். அங்கிருந்து வந்து சேரும்வரை வண்டி தாங்காது. உலை கண்ணெதிரே இருந்தது. வண்டி பற்றி எரிந்தது. பீரங்கியால் அடித்துக்கொண்டே இருந்தேன். உலையில் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. எங்களுக்கு அதைவிடக் குறைவாக.

மேலே துப்பாக்கிச் சத்தம் திடீரென்று நின்றது. கருப்பசாமி செத்துவிட்டான் என்று நினைத்தேன்.

பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "அக்கா, நிப்பாட்டாதீக. நான் இறங்கிட்டேன். பின்னால நிக்கேன்."

திரையின் ஓரத்தில் நீல வெளிச்சம் பரவியது. சுற்றிலும் எதிரிகள். திரும்பிச் சுட்டிருந்தால் இரண்டு பேரையாவது வீழ்த்தியிருப்பான். அவன் திரும்பவே இல்லை. கதிரை அடித்துக்கொண்டே நின்றான். அவன் செத்து விழுந்த அதே நேரத்தில் என் கடைசிக் குண்டு பட்டு உலை சிதறியது.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெஞ்சின்மேல் ஏறிவிட்டார். "அடிச்சுப்புட்டாகல்ல! அடிச்சுப்புட்டாகல்ல!" சேகரும் மாரியும் கருப்பசாமியைத் தூக்கிவிட்டார்கள். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தினேன். அந்தச் சென்டரில் அத்தனை ஆண்கள் நடுவில் தொண்டை கிழியக் கத்தினேன்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணாச்சி, "டிடிபியை மாடியில போட்டுக்கிருவோம்" என்றார். அவ்வளவுதான்.

5. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

அடுத்த ஞாயிறு காலையில் சென்டர் வாசலில் முதல் ஆளாகப் பிரபு நின்றார். விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். "அந்த நீலக் கதிரை எங்கன நின்னு அடிக்கணும்? கொஞ்சம் காட்டுங்கக்கா" என்றார். காட்டினேன். அவருக்குப் பின்னால் வரிசை தெருவரை நின்றது.

அதற்குப் பிறகு நான் சென்டரை விட்டு ஆபீஸ் வேலைகளுக்குப் போனேன். எத்தனையோ வெர்ஷன் மாறிவிட்டது. சாஃப்ட்வேர், மெஷின், ஆபீஸ் எல்லாம் மாறின. ஒவ்வொரு தடவையும் "பழசே நல்லாருந்துச்சு" என்று யாராவது சொல்வார்கள். நேற்றுவரை ராஜாவாக இருந்தவர்தான் அதை முதலில் சொல்வார். நான் வாதாடுவதில்லை. புதிதாக எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று முதலில் பார்க்கிறேன். எதை யாரும் தொடாமல் விட்டிருக்கிறார்களோ அதைத் தொட்டுப் பார்க்கிறேன். கொஞ்ச நாள் தோற்க வேண்டியிருக்கும். தோற்றுவிட்டு வாருங்கள். ஜெயிக்கிற நாளில் நன்றாகக் கத்துங்கள், வெட்கப்படாதீர்கள்.