இருமல்காரியின் குறைப் புத்தகம்

வில்ஃப் ஆல்டர்சன் எதையும் முதலில் மோந்துதான் பார்ப்பார். தேநீர்க் கோப்பை, துவைத்து மடித்த சட்டை, பக்கத்து வீட்டுக்காரியின் புதுக் கார், எதுவானாலும் மூக்குதான் முன்னே போகும். சனிக்கிழமை காலை ஹேக்ஸ்பி ரயில் கொட்டகைக்குள் நுழைந்ததும் அந்தப் பச்சை டீசல் எஞ்சினுக்கு அடியில் மண்டியிடுவார். ஒரு விரலால் அதன் அடிவயிற்றைத் தடவி, விரலை மோந்து பார்ப்பார். எழுபத்தொரு வயது முழங்கால். எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும்.

மனைவி மேவிஸுக்கு அந்த எஞ்சினைக் கண்டாலே ஆகாது. அதைத் துடைத்த துணிகளைத் தனியாக ஊறவைத்து இரண்டு முறை அலச வேண்டியிருக்கிறது.

"என் முட்டிக்கு என்னைக்காவது தைலம் தேய்ச்சு விட்டிருக்கியா? அந்தச் சனியனுக்கு மட்டும் வாரம் தவறாம உபசாரம்."

"நீ புகை விடலையே, மேவிஸ்."

"விடுவேன். இப்படியே போனா இந்த வருஷமே விடுவேன்."

நீராவி எஞ்சின்களுக்கு ஊருக்கு ஊர் சங்கம் இருக்கிறது. ஹேக்ஸ்பி சங்கத்தார் கொண்டாடுவதோ, நீராவியை ஒழிக்க அவசரமாக வாங்கிப்போட்ட முதல் டீசல்களை. பாதி வழியில் நிற்கும். பனிக்காலத்தில் பெட்டிகளைச் சூடாக்கும் கொதிகலன் அணைந்து, பயணிகளுக்குப் பல் கிட்டிவிடும். கடைசியில் ஒரு கிழட்டு நீராவி எஞ்சின் வந்து இழுத்துப்போகும். வாஷிங் மெஷின் இப்படிச் செய்தால் கடைக்காரனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்போம். இவர்கள் இந்தப் பச்சை எஞ்சினுக்கு 'இருமல்காரி' என்று செல்லப்பெயர் வைத்து, ஃப்ளாஸ்க் தேநீரோடு உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார்கள்.

"தர்ஸ்க் ஸ்டேஷன் தாண்டி மூணு மணி நேரம் நின்னுச்சுப்பா! நான் போய்ச் சேர்றதுக்குள்ள எங்க அத்தை கல்யாணமே முடிஞ்சு போச்சு" என்பார் சங்கத் தலைவர் க்ளைவ்.

"அத்தைக்கு அன்னைக்கு யோகம்தான்" என்பார் இன்னொருவர்.

வில்ஃப் மட்டும் சிரிப்பதில்லை. அந்தக் காலத்தில் இதே எஞ்சினைப் பழுது பார்த்த கை அவருடையது.

எஞ்சின் ஒவ்வொன்றிலும் ஒரு குறைப் புத்தகம் இருக்கும். என்ன கோளாறு என்று ஓட்டுநர் எழுதுவார். என்ன செய்தேன் என்று அதன் கீழே மெக்கானிக் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். வரிசையில் நாலு எஞ்சின் நிற்கும், மேஸ்திரி கத்துவார். அப்போதெல்லாம் மெக்கானிக்குகள் எழுதும் வாக்கியம் ஒன்றுதான்: 'தேடினேன், குறை காணப்படவில்லை.'

1961 பிப்ரவரியில் ஆர்தர் பிக்கர்ஸ் என்ற ஓட்டுநர் இருமல்காரியின் புத்தகத்தில் நாலு நாள் தொடர்ந்து எழுதினார்: 'எஞ்சின் அறையில் எண்ணெய் வாடை.' நாலு நாளும் வில்ஃப் அதே வாக்கியத்தை எழுதினார். ஒரு நாள்கூட எஞ்சின் மூடியைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் சூடான குழாயில் எண்ணெய் சொட்டித் தீப்பிடித்தது. அணைக்க உள்ளே போன ஆர்தர் திரும்பவில்லை. அந்த ரக எஞ்சினே அப்படித்தான் என்றார்கள் எல்லோரும். புத்தகமும் எரிந்துபோனது என்றார்கள். கல்யாணமான புதிதில் வில்ஃப் ஒரே ஒரு முறை மேவிஸிடம் சொன்னார். "சொன்னா செத்தவன் வரப்போறானா? வாயை மூடிக்கிட்டு இரு" என்றாள் அவள். இருந்தார். நாற்பத்தொன்பது வருடம்.

போன மாதம் ஆர்தரின் மகள் ஹில்லரி, தாயார் இறந்தபின் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தாள். பரணில் அப்பாவின் பை கிடைத்தது. தீப்பிடித்தபோது உதவியாளர் சன்னல் வழியாக வெளியே எறிந்து, பிறகு தாயாரிடம் வந்து சேர்ந்த பை. உள்ளே ஓரம்கூடக் கருகாத குறைப் புத்தகம். சங்கத்துக்கே கொடுத்துவிட்டாள். ஆண்டு விழாவில் வாசித்துச் சிரிக்கலாம் என்று க்ளைவுக்கு ஒரே குஷி.

"உனக்கு ஜலதோஷம்னு சொல்லிடறேன்" என்றாள் மேவிஸ்.

"எனக்கு ஜலதோஷம் இல்லையே."

"பிடிக்க வைக்கிறேன். போய்க் குளிர்ல நில்லு."

அவர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். மேவிஸும் கூடவே போனாள்.

விழாவில் முன்வரிசையில் ஹில்லரி. "இதெல்லாம் உங்க கையெழுத்துதானே, வில்ஃப்? நீங்களே படிங்க!" என்று க்ளைவ் அவரை மேடையேற்றிப் புத்தகத்தைக் கையில் திணித்தார். வில்ஃப் பக்கங்களை மோந்து பார்த்துவிட்டு வாசித்தார். விசிறி சுற்றவில்லை, குறை காணப்படவில்லை. பிரேக் பிடிக்கவில்லை; குறை காணப்படவில்லை. மூன்றாவது வரியிலிருந்து கூட்டமே சேர்ந்து சொல்லத் தொடங்கியது. ஹில்லரியும் சிரித்தாள்.

"எண்ணெய் வாடை" என்று வாசித்தார்.

"குறை காணப்படவில்லை!" என்றது கூட்டம்.

"எண்ணெய் வாடை. இரண்டாம் நாள்."

அதே கோரஸ். மூன்றாம் நாளுக்கும் அதே. நாலாம் நாளின் தேதியை வாசித்தபோது ஹில்லரியின் சிரிப்பு நின்றது. அவளைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்தினார்கள்.

"போதும், வா வீட்டுக்கு" என்று மேவிஸ் மேடையேறி வந்து அவர் கையைப் பிடித்தாள். அவர் கையை விடுவித்து, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். தன் பழைய கையெழுத்துக்கு மேலே 'தேடினேன்' என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்தார், நாலு இடத்திலும், அவசரமில்லாமல். பிறகு மேடையிலிருந்து இறங்கி, அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே ஹில்லரியின் மடியில் வைத்தார்.