பிஜேஷின் கணுக்கால்

எங்கள் கோழிக்கோடு–மாவூர் பஸ்ஸில் பிஜேஷ்தான் கிளி. வாசலில் தொங்கிக்கொண்டு ஆளை ஏற்றி இறக்குகிறவனுக்கு இங்கே அதுதான் பெயர். ஸ்டாப்பில் முதலில் குதிப்பான். எல்லாரையும் உள்ளே தள்ளிவிட்டு, தகரத்தில் இரண்டு தட்டு தட்டி, வண்டி நகர்ந்த பிறகுதான் ஏறுவான். நின்ற வண்டியில் ஏறினால் அவனுக்குச் சோறு இறங்காது. டிரைவரான எனக்குக் கண்ணாடியில் இதைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கும்.

ஒரு மழைநாளில் அப்படி ஏறும்போது படி வழுக்கி அவன் கணுக்கால் முறிந்தது. கட்டுப் பிரித்தபோது கால் மரக்கட்டையாக இருந்தது. பிசியோதெரபிக்கு நான்தான் கூட்டிப்போனேன். ரம்ஷீனா என்ற பெண் பாதத்தைப் பிடித்து வளைத்தாள். இவன் முகம் வெளிறியது.

"வலிக்குதா?"

"ஏய், இல்ல."

வலிக்கிறது என்றால் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவார்கள், வாசலுக்கு வேறு ஆள் வந்துவிடுவான் என்று பயம். அவன் பேச்சை நம்பி அவள் பயிற்சியைக் கூட்ட, கால் மறுபடி வீங்கியது.

"வலிய மறைச்சா நான் யாரக் கேக்கறது? இந்தச் சேட்டனையா?" என்று என்னைக் காட்டி விளாசினாள்.

அதன் பிறகு ஒழுங்காக வலித்தது அவனுக்கு. சுவரைப் பிடித்து நின்றான், ஒற்றைக்காலில் நின்றான், கடைசியில் துள்ளவும் செய்தான். ஆனாலும் வீட்டில் இருப்புக் கொள்ளாது. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, கிளம்புகிற வண்டிகளை முறைத்துக்கொண்டே நடப்பான்.

"வேலைக்குப் போலாம். ஓடற வண்டியில ஏறணும்னு நான் சொல்லல. பயம் கொஞ்சம் இருக்கும். அதுக்கு என்கிட்ட பயிற்சி இல்ல" என்றாள் ரம்ஷீனா.

முதல் நாள், அவன் படியில் ஏறி நின்ற பிறகே வண்டியை எடுத்தேன். மூன்றாவது ஸ்டாப்பில் என் ஜன்னலுக்கு வந்துவிட்டான்.

"சேட்டா, என்னக் கல்யாணப்பொண்ணாட்டம் ஏத்தாதீங்க. தட்டினா எடுங்க."

"எடுக்கலன்னா?"

"இப்பவே வீட்டுக்குப் போறேன்."

தட்டினான். எடுத்தேன்.

கண்ணாடியில் ஓடி வந்தான். கம்பியைப் பிடித்தான். படிக்குப் போகவேண்டிய கால் தரையை விட்டு எழவில்லை. கம்பியை விட்டுவிட்டு ரோட்டில் நின்றான்.

பிரேக் போட்டேன். எல்லாரும் பார்க்க மெதுவாக நடந்து வந்தான். இறங்கிப் போய்க் கட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது எனக்கு. அவன் ஏறி, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான்.

"அடுத்த ஸ்டாப்புலயும் தட்டுவேன் சேட்டா. எடுத்துடுங்க."