புனிதமலரின் கலியாண ஓலை

புனிதமலரைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டால் எனக்கு இண்டைக்கும் மெய் சிலிர்க்கும். நான் ஆன்சலா, அவளுக்குப் பக்கத்து வீடு. ஊரில என்னை வாயாடி எண்டுதான் சொல்லுவினம், நானும் இல்லையெண்டு சொல்லமாட்டன். அப்பிடிப்பட்ட நானே வாயடைச்சு நிண்டது ஒரேயொரு நாள்தான். அதுவும் ஒரு சொல்லும் பேசாத ஒருத்தியால.

நாயாற்றுக் கரையில பிறந்தவள். பிறவியிலேயே காது கேக்காது, பேச்சும் வராது. தாய் தேப்பன் வைச்ச வடிவான பேர் இருக்க, சனம் 'ஊமைச்சி' எண்டுதான் கூப்பிடும். கேக்காதவளை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன எண்ட நினைப்பு, அறுவார்! பள்ளிக்கூடத்திலயும் சேர்க்கேல்ல. ஒருக்கால் ஒரு பிள்ளையின்ர ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாய் நிக்க ஆசைப்பட்டாள், அதுக்கும் விடேல்ல. பூசையில மறுமொழி சொல்ல வாய் வேணுமாம்.

தாய் தேப்பன் செத்தாப்பிறகு தமக்கை ஜெயரூபினி வீட்டோட இருந்தாள். தமக்கையின்ர புருசன் வஸ்தியாம்பிள்ளை எங்கட கோயில் மூப்பர். கோயில் காரியமெல்லாம் அவற்ற கையிலதான். அந்த வீட்டில அடுப்பெரிக்கிறது, மீன் வெட்டிக் கருவாடு போடுறது, பிள்ளையளைக் குளிப்பாட்டுறது எல்லாம் இவள்தான். கையாலயும் முகத்தாலயும் கதைப்பாள். மீன் வாங்க வாற யாவாரியோட விலை பேசி வெல்லுறதும் இவள்தான். எங்களுக்கெல்லாம் அவளின்ர கைக்கதை தண்ணிபட்ட பாடு.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. கிபிர் பிளேன் வந்து குண்டு போடுற காலம். இரைச்சல் கேட்டதும் சனமெல்லாம் பங்கர் குழிக்குள்ள பாயும். இவளுக்குக் கேக்காதே! ஸ்ரீபன் எண்டு ஒரு பெடியன், ஆத்துவாயில வலை வீசுறவன். அவன் மட்டும் பங்கருக்கு ஓடாமல் இவள் அடுப்பெரிக்கிற மூப்பர் வீட்டுக் குசினிக்கு ஓடுவான். இவளை இழுத்துக்கொண்டு வந்து பங்கருக்குள்ள இறக்கிப்போட்டுத்தான் தான் இறங்குவான். பிறகென்ன, கிபிர் வராத நாளிலயும் குசினிப் பக்கம் ஆளைக் காணத் தொடங்கிச்சுது. "என்னடாப்பா, இண்டைக்கு எந்தப் பிளேன்?" எண்டு நான் பகிடி விடுவன். அவன் வெக்கத்தில தலையைச் சொறிவான்.

கலியாணக் கதை வந்ததும் மூப்பர் ஓம் எண்டும் சொல்லேல்ல, இல்லையெண்டும் சொல்லேல்ல. புதுசாய் வந்த பாதரிட்ட ஸ்ரீபனே போய்க் கேட்டான். எங்கட கோயிலில கலியாணத்துக்கு முதல் மூண்டு ஞாயிறு ஓலை கூறுறது வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிஞ்சவை சொல்லுங்கோ எண்டு பூசை முடிவில பாதர் வாசிப்பார். ரெண்டு ஓலை சுகமாய்ப் போச்சுது. மூண்டாம் ஓலை வாசிச்சு முடிய மூப்பர் எழும்பினார்.

"பாதர், தடை இருக்கு. இவளுக்குப் பேச்சு வராது. சம்மதம் எண்டு சொல்லாமல் என்ன கலியாணம்? இவள் என்ன சொல்லுறாள் எண்டு ஆருக்குத் தெரியும்? ஒருத்தருக்கும் விளங்காது."

பாதர் மன்னாரில இருந்து வந்து ஒரு மாதம்கூட இல்லை, அவருக்கு அவளின்ர கைக்கதை தெரியாது. "மனச்சம்மதம் விளங்காட்டில் நான் கட்டிவைக்கேலாதே" எண்டு தடுமாறினார். மூப்பருக்குச் சம்பளமில்லாத வேலைக்காரி போயிடுவாள் எண்ட பயம், வேறென்ன! புனிதமலர் என்னைச் சுரண்டி என்ன கதையெண்டு கேட்டாள். நான் கையால எல்லாம் சொன்னன். நாலு கேள்வி கேப்பமெண்டு சீலையை இழுத்துச் சொருக முதல் அவள் எழும்பிட்டாள்.

பொம்பிளையளின்ர பக்கத்திலயிருந்து நடுவால நடந்து ஆம்பிளையளின்ர பக்கம் போனாள். ஸ்ரீபனிட்டப் போறாள் எண்டுதான் நினைச்சம். இல்லை, அத்தானுக்கு முன்னால போய் நிண்டாள். நிண்டு கதைச்சாள் பாருங்கோ! அடுப்பை ஊதினாள், மீன் வெட்டினாள், பிள்ளையைத் தோளில போட்டுத் தட்டினாள். பிறகு தன்ர வயித்தில அடிச்சு, வெறுங்கையை விரிச்சு அவற்ற முகத்துக்கு நேர நீட்டினாள். இவ்வளவு செய்தும் என்னைப் பட்டினி போட்டனீங்கள் எண்டாள்.

மூப்பருக்கு வந்துதே கோவம்! கோயில் எண்டதையும் மறந்திட்டார்.

"பொய்யடி! எப்பவடி உன்னைப் பட்டினி போட்டனான்? என்ர பிள்ளையளுக்கு முதல் உனக்கெல்லோ சோறு!" கத்தினதோட விடேல்ல, கையாலயும் காட்டினார். அவள் தலையை ஆட்டி, சட்டியை வழிச்சுக் கவுத்துக் காட்டினாள். "அது அந்த மழைக்குள்ள! அண்டைக்கு எல்லாருக்கும்தானே இல்லை!" எண்டு திருப்பியும் கத்தினார்.

பாதர் மெல்லமாய்க் கேட்டார். "மூப்பர், அவா சொல்லுறது உங்களுக்கு விளங்குதோ?"

ஒருத்தருக்கும் விளங்காது எண்ட மனுசன் காட்டிக்கொண்டிருந்த கையைக் கீழ போட்டார். நான் சிரிச்சிருக்கவேணும். சிரிப்பு வரேல்ல, மாதாவே! ஒரு சத்தம் போடாமல் அந்த மனுசனை அவற்ற வாயாலயே மடக்கிப்போட்டாளே! என்ன பிறவியடி நீ எண்டு அவளையே பாத்துக்கொண்டு நிண்டன்.

வெளியில வந்து கேட்டன், "உண்மையாய் உன்னைப் பட்டினி போட்டவரோ?" கள்ளச்சிரிப்புச் சிரிச்சு, இல்லை எண்டாள். சோத்துக் கதை எடுத்தால் அந்தாளுக்குப் பொறுக்காது, மறுமொழி சொல்லாமல் இருக்கமாட்டார் எண்டு அவளுக்குத் தெரியும். கோயிலுக்குள்ளயோடி பொய் சொன்னனீ எண்டன். மேல காட்டினாள், ஆண்டவருக்கு விளங்கும் எண்டு.

அடுத்த கிழமை கலியாணம். சம்மதமோ எண்டு பாதர் கேட்டதை நான் கையால சொன்னன். அவள் பீடத்துக்கு முன்னால நிண்டு மறுமொழி சொன்னாள். அதை வாயால சொல்ல நான் வெளிக்கிட, என்னைத் தடுத்துப்போட்டு மூப்பரைக் காட்டினாள். அவர்தான் சொல்லவேணுமாம்.

மூப்பர் முன்னுக்கு வந்தார். நிலத்தைப் பாத்துக்கொண்டு, "தனக்குச் சம்மதமாம், பாதர். ஆரும் வற்புறுத்தேல்லையாம், தானாய் விரும்பித்தானாம்" எண்டார். முன்னுக்கு நிண்ட எனக்கே அரைவாசிதான் கேட்டுது. அவள் அவற்ற வாயையே பாத்துக்கொண்டு நிண்டவள், திருப்பியும் கையைத் தூக்கினாள்.

"பலமாய்ச் சொல்லட்டாம்" எண்டார் மூப்பர். பிறகு கோயில் முழுக்கக் கேக்கப் பலமாய்ச் சொன்னார்.