லசாலோ தேடிப்போன கோட்டு

லுவாங்வா ஆற்றங்கரைக் காட்டில் விருந்தினர்களை நடத்திச் சென்று விலங்குகளின் தடம் காட்டுவது லசாலோவின் தொழிலாக இருந்தது. மண்ணிறக் காற்சட்டையும் சருகுநிறச் சட்டையுமே அவர் உடுப்பு. இலையும் கிளையும் அச்சிட்ட உடையோடு வரும் வெளிநாட்டாரைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும்.

"எருமைக்குப் படம் பார்க்கத் தெரியாதுங்க. அசையாம நின்னா, சும்மா மண்ணு நெறமே போதும்" என்பார்.

இலை அச்சிட்ட அவ்வுடை எங்கள் நாட்டில் பட்டாளத்தாருக்கு மட்டுமே உரியது. பிறர் அணிந்தால் சிறை. வந்தவரிடம் அதைப் பணிவாகச் சொல்லிக் கழற்றவைப்பதும் அவர்தாம்.

ஒருநாள் யானையொன்று அவரைத் தூக்கி எறிந்தது. உடல் தேறியது, அறிவு தேறவில்லை. முன்பு அவரோடு காடு சுற்றிய விருந்தினர் ஒருவர் நலம் விசாரிக்க வந்தார். எங்கள் சட்டத்தை மறந்து, தம் பெட்டியிலிருந்த இலை அச்சிட்ட கோட்டொன்றை அன்போடு லசாலோவின் தோளில் போட்டுவிட்டுப் போனார். அன்றுமுதல் லசாலோ, தாம் வேலைக்குத் திரும்பிவிட்டதாகவே நம்பினார். காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு, வேலியோரம் குனிந்து கோழிகளின் தடம் பார்ப்பார்.

அவர் கோட்டோடு தெருவுக்கு வந்த நாளில், பக்கத்து வீட்டு டெலினா ஓடிவந்து அவர் மனைவி ஜெலிப்பாவை அழைத்தாள்.

"யக்கா, உன் வீட்டுப் புதரு எழுந்து நடந்து போவுது. என் ஆடு மேஞ்சிரப் போவுது, புடிச்சுக் கட்டு!" என்று சிரித்தவள், உடனே குரலைத் தாழ்த்தினாள். "பாலத்துக்கிட்ட பட்டாளம் நிக்குதுக்கா. புத்தி சரியில்லாதவருன்னெல்லாம் பார்க்க மாட்டாங்க."

கோட்டை ஒளித்துவைத்தால் அவர் உண்ண மறுத்தார்; அழுதார். எரிக்க ஜெலிப்பாவுக்கு மனம் வரவில்லை. அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது, கோட்டை மரப்பட்டையோடும் சந்தையில் வாங்கிய சாயப்பொடியோடும் சேர்த்துக் கொதிக்கவைத்தாள். திட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. காய்ந்தபோது அது நனைந்த மண்ணின் நிறத்தில் இருந்தது.

காய்ச்சல் விட்டதும் அதை அவரிடம் நீட்டினாள்.

"நல்ல கோட்டு. யாருது?"

"உங்களுதுதாங்க. கையை விட்டுப் பாருங்க."

"என்னுது வேற. அடுத்தவன் பொருளைப் போடலாமா? தேடிட்டு வருவான். வேலியில தொங்க விடு."

அவள் சோளக்களியைக் கிளறிவிட்டுத் திரும்புவதற்குள் அவரைக் காணவில்லை.

எங்கள் நாட்டில் ஜூன் குளிர்காலம். பாலத்தருகே, வெறும் பனியனோடு, இலை அச்சிட்ட கோட்டணிந்த இளம் சிப்பாய் ஒருவனின் கையைப் பற்றிக்கொண்டு நின்றார் லசாலோ.

"தம்பி, இது என் கோட்டு. கழட்டு. காட்டுல ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"பெருசு, எந்தப் படைக்குத் தளபதி நீ?" என்று சிப்பாய்கள் சிரித்தனர். லசாலோ இழுத்த இழுப்பில் கோட்டின் தோள்தையல் பிரிந்தது. சிரிப்பு நின்றது.

மண்ணிறக் கோட்டோடு மூச்சிரைக்க ஓடிவந்தாள் ஜெலிப்பா. "ஐயா, அவருக்குப் புத்தி சரியில்லைங்க. யானை அடிச்சதுங்க. விட்டுடுங்க."

"அப்போ எங்க கோட்டை ஏம்மா தன்னுதுங்கிறாரு? இந்த மாதிரி ஒண்ணு வீட்டுல வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார் சிப்பாய்களின் அதிகாரி.

ஆமென்றால், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். இல்லையென்றால், சிப்பாயின் உடையைப் பறிக்க வந்தவராகக் கணவர் நிற்பார்.

"இல்லீங்க. இதுதான் அவரு கோட்டு."

அதிகாரி அதை வாங்கி உயர்த்திக் காட்டினார். "இது உன்னுதா, பெரியவரே?"

"இல்லீங்க. இவகிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

லசாலோவைப் பட்டாள வண்டியில் ஏற்றினர். குளிருக்காவது போர்த்திவிடுகிறேன் என்று ஜெலிப்பா கெஞ்சினாள், அதிகாரி தடுக்கவில்லை. அவள் எட்டிப் போர்த்திய கோட்டை லசாலோ தோளிலிருந்து எடுத்தார். அதன் கைகளை உள்ளே மடித்து, கழுத்துப்பட்டையை நீவி, அவளிடமே இறக்கிக் கொடுத்தார்.

"சொந்தக்காரன் வந்தா குடுத்துடு. பாவம், அவனுக்கும் குளிருமில்ல?"

வண்டி பாலத்தைக் கடந்து போயிற்று.